மூளைக்கட்டியில் வாய்மூடிக் கிடக்கும் மரபணுக்கள்

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் வரும் நோயியல் அறிக்கையில் ஒரு வரி இருக்கும்: ‘எம்ஜிஎம்டி ப்ரமோட்டர்: மெத்திலேட்டட்’. இல்லையென்றால் ‘அன்மெத்திலேட்டட்’. முதலாவது வந்திருந்தால் மருத்துவருக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்த வரி சொல்வது என்ன? கட்டியின் செல்களில் எம்ஜிஎம்டி என்ற மரபணு அடைபட்டுக் கிடக்கிறது, வேலை செய்யவில்லை. அந்த மரபணுவின் வேலையோ, டிஎன்ஏவில் ஏற்படும் ஒருவகைச் சேதத்தைச் சரிசெய்வது. பழுதுபார்க்கும் மரபணு முடங்கிப்போனது எப்படி நல்ல செய்தியாகும்?

இதற்கு விடை தேடிப் போனால், கடந்த இருபது ஆண்டுகளில் மூளைக்கட்டிகளைப் பற்றித் தெரியவந்த முக்கியமான விஷயங்களில் பாதி வழியிலேயே வந்துவிடும். புற்றுநோய் என்றால் மரபணுவில் பிழை என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் மூளைக்கட்டி புரியாது. டிஎன்ஏவில் எழுதியிருப்பது ஒரு விஷயம். அதில் எதைச் செல் வாசிக்கிறது, எதை வாசிக்காமல் விடுகிறது என்பது வேறு விஷயம். சில மூளைக்கட்டிகளில் எழுத்து பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கிறது. வாசிப்புதான் தாறுமாறாகக் கிடக்கிறது.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். (ரத்தச் சிவப்பணுக்களுக்கு உட்கருவே கிடையாது, அவற்றை விட்டுவிடலாம்.) சுமார் 300 கோடி எழுத்துகள், அப்பாவிடமிருந்து ஒரு படி, அம்மாவிடமிருந்து ஒரு படி. புரதம் தயாரிப்பதற்கான மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000. கல்லீரல் செல்லிலும் அதே 20,000, மூளையின் நரம்பணுவிலும் அதே 20,000. இருந்தும் கல்லீரல் செல் பித்தநீரைச் சுரக்கிறது, நரம்பணு மின்சைகை அனுப்புகிறது. கல்லீரல் செல் தனக்கு வேண்டிய மரபணுக்களைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டது. நரம்பணு வேறு சிலவற்றைத் திறந்திருக்கிறது. எந்த மரபணு, எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு வாசிக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு முழுவதையும் சேர்த்துத்தான் மரபணு நெறிப்படுத்தல் என்கிறார்கள்.

அந்த ஏற்பாட்டின் உறுப்புகள் சில. ஒவ்வொரு மரபணுவுக்கும் தலைப்பக்கத்தில் ப்ரமோட்டர் என்ற ஒரு பகுதி உண்டு. மரபணுவை வாசிக்கும் புரதக் கூட்டம் வந்து உட்காரும் இடம் அது. அந்த இடம் திறந்திருந்தால் வாசிப்பு நடக்கும், அடைபட்டிருந்தால் நடக்காது. அப்புறம் என்ஹேன்ஸர்கள். இவை மரபணுவிலிருந்து பல லட்சம் எழுத்துகள் தள்ளிக்கூட இருக்கும். டிஎன்ஏ வளைந்து வந்து ப்ரமோட்டரைத் தொடும்போது வாசிப்பு பல மடங்கு கூடிவிடும். எந்த என்ஹேன்ஸர் எந்த மரபணுவைத் தொடலாம் என்பதற்கும் எல்லைகள் உண்டு. அந்த எல்லைக்கு வேலி போல நிற்பது சிடிசிஎஃப் என்ற புரதம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திறப்பதும் மூடுவதும் எப்படி? இரண்டு வழிகளை மட்டும் பார்த்தால் போதும். முதலாவது டிஎன்ஏவின் மேலேயே ஒட்டும் குறி. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு மெத்தில் குழு, டிஎன்ஏவின் ‘சி’ எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்; குறிப்பாக, ‘சி’க்கு அடுத்து ‘ஜி’ வரும் இடங்களில். ஒரு ப்ரமோட்டர் முழுக்க இப்படி மெத்தில் ஏறிவிட்டால் அந்த மரபணு வாய்மூடிவிடும். எழுத்து எதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘சி’ இன்னும் ‘சி’தான்.

இரண்டாவது, டிஎன்ஏ சுற்றி வைக்கப்பட்டிருக்கும் விதம். ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அதனால் டிஎன்ஏ நூல்கண்டில் நூல் சுற்றியது போல ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு கண்டு. அதன்மேல் 147 எழுத்து நீளம், இரண்டு சுற்றுக்கும் கொஞ்சம் குறைவாக. ஹிஸ்டோன்களின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலின்மேலும் குறிகள் ஏறும். ஹெச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27-ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் மூன்று மெத்தில் ஏறினால் அந்தப் பகுதி இறுகி மூடிக்கொள்ளும். அதே இடத்தில் அசிட்டைல் ஏறினால் இளகித் திறக்கும்.

இந்தக் குறிகளை வைக்கவும் எடுக்கவும் நொதிகள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது குறிகளும் புதுச் செல்களுக்குப் பெரும்பாலும் நகலெடுக்கப்பட்டுவிடும். கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்தான் வருகிறது, நரம்பணு வருவதில்லை என்றால் அதனால்தான். தவறான ஒரு குறி வந்து உட்கார்ந்தாலும் அதே கதை. அதுவும் வம்சாவளியாகப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, மூளைக்கு வருவோம். பெரியவர்களுக்கு மூளையிலேயே உருவாகும் புற்றுகளில் பெரும்பான்மை நரம்பணுவில் தொடங்குவதில்லை. நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் துணைச் செல்களான கிளையாக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை. அதனால் கிளையோமா என்று பெயர். அதில் மிக மூர்க்கமானது கிளையோபிளாஸ்டோமா. கைதேர்ந்த அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த அளவு முழுக்க எடுத்தாலும், அதன் செல்கள் ஏற்கெனவே சுற்றுப்புற மூளைத் திசுவுக்குள் ஊர்ந்து போயிருக்கும். அதனால் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. 2005 வரை அவ்வளவுதான் இருந்தது. அந்த ஆண்டு ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. கதிர்வீச்சோடு டெமோசோலோமைட் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுள் (பாதிப்பேர் எட்டும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. கேட்பதற்குச் சொற்பம். ஆனால் இரண்டு ஆண்டைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். அதாவது பலன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. சிலருக்கு நிறையக் கிடைத்திருக்கிறது, பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

அந்தச் சிலர் யார் என்பதற்கான விடையும் அதே ஆண்டு, அதே சோதனையில் கலந்துகொண்டவர்களின் கட்டித் திசுவிலிருந்தே வந்தது. எம்ஜிஎம்டி மெத்தில் ஏறி அடைபட்டிருந்தவர்கள். பரிசோதித்த 206 பேரில் 45 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. அவர்களில் கதிர்வீச்சோடு மாத்திரையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களுக்கு 15.3 மாதம். மரபணு திறந்திருந்தவர்களிலோ, மாத்திரை எடுத்தவர்களுக்கு 12.7, எடுக்காதவர்களுக்கு 11.8. ஒரு மாதம்கூட வித்தியாசம் இல்லை.

காரணத்தைப் பார்த்தால் ஆரம்பக் கேள்வி தானாக அவிழ்ந்துவிடும். டெமோசோலோமைட், பர்மிங்ஹாமில் உள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் 1980-களில் உருவாக்கிய மருந்து. அது செல்லுக்குள் போய் டிஎன்ஏவின் மேல் மெத்தில் குழுக்களைக் கொண்டுபோய் ஒட்டும். இங்கே புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்பிவிடுகிறார்கள்: மரபணுவை மூடுவதும் மெத்தில், மருந்து ஒட்டுவதும் மெத்தில், அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. மூடுகிற மெத்தில் ‘சி’ எழுத்தின்மேல் அதற்கென்றே உள்ள இடத்தில் ஒழுங்காக உட்காரும். அது செல்லின் சொந்த ஏற்பாடு. மருந்தின் மெத்தில் இருக்கக்கூடாத இடங்களில் ஒட்டும். அவற்றில் ஆபத்தானது ‘ஜி’ எழுத்தின் ஆக்சிஜன்மேல் ஒட்டுவது. அப்படி ஒட்டிய ‘ஜி’, தன் இயல்பான ஜோடியான ‘சி’யை விட்டுவிட்டு ‘டி’யோடு சேர்ந்துகொள்ளும். ஜோடி தப்பு என்று கண்டுபிடிக்கும் வேறொரு நொதிக் கூட்டம் எதிர் இழையை வெட்டித் திருத்தப் பார்க்கும். ஆனால் கோளாறு இந்த இழையில் அப்படியே இருப்பதால் மறுபடியும் தப்பு ஜோடியே வரும். வெட்டித் திருத்தி, வெட்டித் திருத்தி, கடைசியில் டிஎன்ஏ அறுந்து செல் செத்துவிடும். டெமோசோலோமைட் கொல்வது இப்படித்தான்.

எம்ஜிஎம்டி புரதம் இருந்தால் இது நடக்காது. ‘ஜி’யின்மேல் ஒட்டிய மெத்திலை அது பிடுங்கித் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். அதோடு அந்தப் புரதத்தின் கதை முடிந்தது. ஒரு புரதம், ஒரு பழுது, அவ்வளவுதான். அப்புறம் செல் அதைச் சிதைத்துவிடும். ஆகவே செல்லில் எத்தனை எம்ஜிஎம்டி புரதம் இருக்கிறது என்பதும், மரபணு எவ்வளவு வேகமாகப் புதிதாகச் செய்து தருகிறது என்பதும்தான் பந்தயம். ஆரோக்கியமான செல்லுக்கு எம்ஜிஎம்டி காவல்காரன். கட்டிச் செல்லுக்கும் காவல்காரனேதான், வித்தியாசம் பார்க்காது. கட்டியில் அது தூங்கிப்போயிருந்தால் மருந்துக்கு வழி கிடைக்கிறது. இதில் இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொள்கிறது. எம்ஜிஎம்டி 10-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கிளையோபிளாஸ்டோமா செல்கள் பெரும்பாலும் தங்களிடமுள்ள இரண்டு 10-ஆவது குரோமோசோம்களில் ஒன்றை ஏற்கெனவே தொலைத்திருக்கும். அதனால் மீதியிருக்கும் ஒன்றில் மெத்தில் ஏறினாலே போதும்.

அறிக்கையில் இந்த வரியைப் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அது ‘உண்டு, இல்லை’ என்று எழுதப்பட்டாலும் உள்ளே இருப்பது ஒரு அளவு. ப்ரமோட்டரின் சில இடங்களில் எத்தனை சதவீதம் மெத்தில் ஏறியிருக்கிறது என்று ஆய்வகம் பார்க்கிறது. எந்த அளவுக்கு மேல் போனால் ‘மெத்திலேட்டட்’ என்று எழுதுவது என்பதில் ஆய்வகங்களுக்குள் முழு ஒற்றுமை கிடையாது. நடுவில் விழும் கட்டிகளும் உண்டு. அன்மெத்திலேட்டட் என்று வந்தால் மாத்திரையே கொடுக்கமாட்டார்கள் என்றும் அர்த்தமில்லை. வேறு நல்ல மருந்து கைவசம் இல்லாததால் எழுபது வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு, மாத்திரை இரண்டையும் தாங்கமுடியாத முதியவர்களுக்குத்தான் இந்த வரி உண்மையிலேயே முடிவெடுக்க உதவுகிறது. அவர்களில் மெத்திலேட்டட் என்றால் மாத்திரை மட்டும், இல்லையென்றால் கதிர்வீச்சு மட்டும் என்று போகலாம் என 2012-இல் வந்த இரண்டு ஐரோப்பியச் சோதனைகள் காட்டின.

எம்ஜிஎம்டி ஒரே ஒரு மரபணு அடைபட்ட கதை. அடுத்தது, ஒரே ஒரு நொதி கெட்டுப்போய் ஆயிரக்கணக்கான இடங்களில் வாசிப்பு குழம்பும் கதை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த துப்பறியும் கதை இதுதான்.

2008-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 22 கிளையோபிளாஸ்டோமா கட்டிகளை எடுத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். புற்றோடு எந்தச் சம்பந்தமும் இருப்பதாக யாரும் நினைத்திராத ஒரு மரபணு திரும்பத் திரும்ப வந்தது: ஐடிஹெச்1. அது சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வேலையோடு தொடர்புடைய ஒரு சாதாரண நொதிக்கான மரபணு. அதில் பிழை எப்போதும் ஒரே இடத்தில், 132-ஆவது அமினோ அமிலத்தில். வழக்கமாக ஒரு மரபணு கெடுகிறதென்றால் எங்கு வேண்டுமானாலும் கெடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாறுகிறது என்றால், அந்த மாற்றத்தால் கட்டிக்கு ஏதோ லாபம் இருக்கிறது என்று பொருள். அடுத்த ஆண்டே இன்னொரு பெரிய ஆய்வு, மெதுவாக வளரும் கிளையோமாக்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. இவை பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு வருபவை. தலைவலியைவிட முதலில் வலிப்பாக வெளிப்படுபவை.

லாபம் என்ன என்பது 2009-இலேயே தெரிந்தது. சரியான ஐடிஹெச்1 நொதி ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறைச் செய்யும். பிழையான நொதி அதையே எடுத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாற்றிவிடுகிறது. சுருக்கமாக 2-ஹெச்ஜி என்போம். நல்ல செல்லில் இது மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டிகளில் பல மடங்கு குவிந்துகிடக்கிறது. இரண்டு மூலக்கூறுக்கும் உருவத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. இங்கேதான் மரபணு வாசிப்பு உள்ளே வருகிறது. டிஎன்ஏவிலிருந்தும் ஹிஸ்டோன் வாலிலிருந்தும் மெத்திலை அகற்றும் நொதிகள் வேலை செய்ய ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் வேண்டும். அது உட்கார வேண்டிய இடத்தில் 2-ஹெச்ஜி போய் உட்கார்ந்துகொண்டால் நொதி செயலிழந்துவிடும். மெத்தில் ஏறிக்கொண்டே போகும், எடுப்பாரில்லை. 2010-இல் கிளையோமாக்களின் மெத்தில் வரைபடத்தைப் பார்த்தவர்கள், ஐடிஹெச் பிழையுள்ள கட்டிகள் மட்டும் தனிக் கூட்டமாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். எங்கு பார்த்தாலும் மெத்தில்.

மெத்தில் ஏறினால் மரபணு மூடிக்கொள்ளும், அதனால் கட்டியைத் தடுக்கும் மரபணுக்கள் மூடிக்கொண்டிருக்கும் என்றுதான் யாரும் முதலில் ஊகிப்பார்கள். உண்மை இன்னும் கோணலானது. முன்பு சொன்ன சிடிசிஎஃப் வேலியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தப் புரதம் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் மெத்தில் ஏறினால் அதனால் பிடிக்க முடியாது. வேலி விழுந்துவிடும். 2016-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: ஐடிஹெச் பிழையுள்ள கட்டிகளில் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வளர்ச்சி மரபணுவுக்கு அருகே ஒரு வேலி விழுந்துவிடுகிறது. பக்கத்துப் பகுதியைச் சேர்ந்த, இதோடு எந்தச் சம்பந்தமும் இருந்திராத ஒரு என்ஹேன்ஸர் எல்லை தாண்டி வந்து அதைத் தட்டி எழுப்புகிறது. மூடுகிற குறி, மறைமுகமாக ஒன்றைத் திறந்துவிட்டது. பிடிஜிஎஃப்ஆர்ஏவின் எழுத்தைப் படித்துப் பார்த்தால் ஒரு பிழையும் கிடைக்காது.

இவ்வளவு குழப்பம் இருந்தும், ஐடிஹெச் பிழையுள்ள கட்டிக்காரர்கள் பிழையில்லாதவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள், பல சமயம் பல ஆண்டுகள் கூடுதலாக. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவை வேறு வேறு நோய்கள் என்பது தெளிவானபின், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பெயரையே பிரித்துவிட்டது. இப்போது ஐடிஹெச் பிழை இருந்தால், எவ்வளவு மூர்க்கமாக இருந்தாலும் அதற்குக் கிளையோபிளாஸ்டோமா என்று பெயரில்லை. நான்காம் நிலை ஆஸ்ட்ரோசைட்டோமா (ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா வகைச் செல்களின் கட்டி). பழைய அறிக்கைகளையும் பழைய புள்ளிவிவரங்களையும் இணையத்தில் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் இரண்டு நோயின் எண்களைக் கலந்துகொண்டு பயப்படுவார்கள். சோதனையும் அரிதான ஒன்றல்ல. மிகச் சாதாரணமாக வரும் ஐடிஹெச்1 பிழையைத் திசுவில் ஒரு சாயமேற்றும் சோதனையிலேயே பார்த்துவிடலாம். இளவயதினருக்கு அதில் ஒன்றும் தெரியாவிட்டால், அரிய வகைப் பிழைகளுக்காக மரபணுவைப் படித்துப் பார்க்கிறார்கள்.

கெட்ட நொதி ஒன்றுதான் என்பதால் அதையே குறிவைக்கலாம் என்ற யோசனை இயல்பாக வந்தது. வோராசிடெனிப் என்ற மாத்திரை, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டிப் போய்ப் பிழையான ஐடிஹெச் நொதியை அடக்கும், 2-ஹெச்ஜி குறையும். இரண்டாம் நிலைக் கிளையோமா (மெதுவாக வளரும் வகை) உள்ள 331 பேரிடம் நடந்த சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் 27.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1 மாதம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் அதற்கு ஒப்புதல் தந்தது. கட்டியை அது கரைத்துவிடுவதில்லை. கதிர்வீச்சையும் கீமோவையும் தள்ளிப்போட இடம் தருகிறது. முப்பது வயதுக்காரருக்கு மூளையில் கதிர்வீச்சை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவது சின்ன விஷயம் அல்ல.

குழந்தைகளின் கட்டிகளில் கதை இன்னும் நேரடி. மூளைத்தண்டின் நடுவில், மூச்சும் விழுங்குதலும் கட்டுப்படும் இடத்தில், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு வரும் ஒரு கட்டி உண்டு. வெட்டி எடுக்க வழியே இல்லாத இடம். நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் இந்தக் கட்டியால்தான் 1962-இல் மூன்று வயது நிறையும் முன் இறந்தாள். அப்போதும் கதிர்வீச்சுதான் சிகிச்சை, பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அதேதான். கண்டுபிடித்ததிலிருந்து பாதிப் பிள்ளைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

2012-இல் மான்ட்ரியாலிலும் மெம்ஃபிஸிலும் இருந்த இரண்டு குழுக்கள் இதன் காரணத்தைத் தனித்தனியே கண்டன. பிழை ஹிஸ்டோன் மரபணுவிலேயே இருந்தது. ஹெச்3 வாலின் 27-ஆவது இடத்தில், மூன்று மெத்தில் ஏற வேண்டிய அந்த லைசின் இல்லை. அங்கே மெத்தியோனின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருந்தது. மெத்தியோனினில் அந்தக் குறி ஏறாது. இதில் ஒரு புதிர். ஹெச்3 செய்வதற்கு மனிதரிடம் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மரபணுப் படிகள் உண்டு. கெட்டது அதில் ஒன்றே ஒன்று. நல்ல ஹெச்3 ஏராளமாக இருக்கும்போது செல் முழுக்கக் குறி குறைந்துபோவது எப்படி? மெத்தில் வைக்கும் நொதிக் கூட்டத்தின் பெயர் பிஆர்சி2. கெட்ட ஹிஸ்டோன் அதன் வேலையையே கெடுத்துவிடுகிறது, அதனால் நல்ல ஹிஸ்டோன்களுக்கும் குறி போய்ச் சேருவதில்லை. கரு வளரும்போது திறந்து, பிறகு மூடியிருக்க வேண்டிய மரபணுக்கள் திறந்தே கிடக்கின்றன. செல் முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கிறது.

எழுத்து பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும் கட்டிகள் என்று முதலில் சொன்னேனே, அதற்கு நல்ல உதாரணம் கைக்குழந்தைகளின் பின்மூளையில் வரும் ஒருவகை எபென்டிமோமா. பெரும்பாலானவற்றில், திரும்பத் திரும்ப வரும் மரபணுப் பிழை என்று ஒன்றைக்கூடக் காணமுடியவில்லை என 2014-இல் அறிவித்தார்கள். பிறகு தெரிந்தது: பொதுவாக மூளையில் வாய்மூடியிருக்க வேண்டிய ஈஸெட்ஹிப் என்ற மரபணு இந்தக் கட்டிகளில் உரக்கப் பேசுகிறது. அது செய்யும் புரதத்தின் ஒரு துண்டு, மேலே சொன்ன கெட்ட ஹிஸ்டோன் வாலைப் போலவே இருக்கிறது. பிஆர்சி2-ஐ அதே மாதிரி முடக்குகிறது. ஒரு நோய் எழுத்தை மாற்றிச் செய்ததை, இன்னொன்று எழுத்தைத் தொடாமலே செய்துகொண்டது.

குறிகள் இப்படிக் கட்டிக்குக் கட்டி வேறுபடுவதால் அவற்றை அடையாளமாகவும் பயன்படுத்தலாம். ஹைடல்பர்க் குழுவினர் 2018-இல் சுமார் 2,800 மூளைக்கட்டி மாதிரிகளின் மெத்தில் வரைபடத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, புதுக் கட்டி எந்த வகை என்று சொல்லவைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன வகையை நூற்றில் 12 பேருக்கு மாற்ற வேண்டிவந்தது.

குறி என்பது ஒட்டியதுதானே, பிய்த்துவிடலாமே, எழுத்துப் பிழையைத் திருத்துவதைவிட எளிதாயிற்றே என்று தோன்றும். ரத்தப் புற்றுகளில் மெத்திலைக் குறைக்கும் மருந்துகள் வெகுகாலமாகப் பழக்கத்தில் இருக்கின்றன. மூளையில் இரண்டு சிக்கல். பெரும்பாலான மருந்துகள் மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை, அது ஒன்று. மெத்திலைப் பொதுவாகக் குறைத்தால் எந்த மரபணு விழித்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை, அது இன்னொன்று. எம்ஜிஎம்டியும் விழித்துக்கொண்டால் டெமோசோலோமைட் வீணாகும். கிளையோபிளாஸ்டோமாவோ இதைவிட வழுக்கலானது. ஒரே கட்டியின் செல்கள் நான்கு வெவ்வேறு நிலைகளில் இருப்பதாகவும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள முடிவதாகவும் 2019-இல், செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு சொன்னது. எழுத்து மாறுவதற்குச் செல்லின் பல தலைமுறைகள் வேண்டும். வாசிப்பை மாற்றிக்கொள்ள அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து ஒரு நிலையைத் தாக்கினால் தப்பிய செல்கள் வேறு நிலைக்கு நகர்ந்துவிடலாம்.

ஆனாலும் ஒரு விநோதமான நகர்வு நடந்திருக்கிறது, அதுவும் குழந்தைகளின் கட்டியில். டோர்டாவிப்ரோன் என்ற மருந்து வேறு ஒரு நோக்கத்துக்காகத் தேடியபோது அகப்பட்டது. ஹிஸ்டோனை மனத்தில் வைத்து யாரும் செய்ததல்ல. ஹெச்3 பிழையுள்ள சில நோயாளிகளின் கட்டி அதனால் சுருங்குவதைப் பார்த்தபின், ஏன் என்று தோண்டினார்கள். 2023-இல் வந்த விளக்கம் இது: மருந்து, செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறது, அதனால் 2-ஹெச்ஜி கூடுகிறது, மெத்திலை அகற்றும் நொதிகள் தடைபடுகின்றன, 27-ஆவது இடத்தில் இழந்துபோன குறி மீண்டும் ஏறுகிறது. ஐடிஹெச் கட்டிகளில் குற்றவாளியாகப் பார்த்த அதே 2-ஹெச்ஜிதான். அங்கே குவிவது அதன் ‘டி’ வடிவம், இங்கே கூடுவது அதன் கண்ணாடிப் பிம்பமான ‘எல்’ வடிவம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் இதற்கு விரைவு ஒப்புதல் தந்தது; ஒரு வயதுக்கு மேற்பட்ட, முந்தைய சிகிச்சைக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களுக்கு மட்டும். ஒப்புதலுக்கு ஆதாரமாக இருந்தவர்கள் 50 பேர். அவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. மற்றவர்களுக்கு ஏன் சுருங்கவில்லை என்பதில்தான் இப்போது வேலை நடந்துகொண்டிருக்கிறது.